சான் ஜொவானி குன்றின் பங்காளிகள்

வெனிஸிலிருந்து டிரியெஸ்டுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். வலதுபக்க ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். மொன்ஃபல்கோனே ஸ்டேஷன் தாண்டிச் சிறிது நேரத்தில் மரங்கள் விலகி, அட்ரியாட்டிக் கடல் முழுசாக வந்து நிற்கும். இடதுபக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. இரண்டுக்கும் நடுவில் மிச்சமிருக்கிற கொஞ்சம் நிலத்தில் ரயில் ஊருக்குள் இறங்கும்.

நான் போய்ச் சேர்ந்தது பிப்ரவரிக் கடைசியில். போரா வீசிக்கொண்டிருந்தது. வடகிழக்கு மேட்டிலிருந்து கடலை நோக்கிப் பாயும் இந்தக் காற்று, உக்கிரமான நாட்களில் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டும். அந்தக் காலத்தில் தெரு ஓரங்களில் கயிறு கட்டிவைப்பார்களாம், நடந்து போகிறவர்கள் பிடித்துக்கொள்ள. நான் பார்த்த காற்று அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் எந்தக் குப்பைத்தொட்டியை எட்டிப்பார்த்தாலும் கம்பி முறிந்த குடைகள் தலைகீழாகச் செருகிக் கிடந்தன. அந்தக் குடைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டிரியெஸ்ட் ஒரு விசித்திரமான ஊர். 1918 வரை ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் துறைமுகம். பிறகு இத்தாலி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1947 முதல் 1954 வரை எந்த நாட்டோடும் சேராத ‘சுதந்திரப் பிரதேசம்’. ஜேம்ஸ் ஜாய்ஸ் இங்கே ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தார். இல்லி காப்பி பிறந்தது இங்கேதான். வருகிறவர்கள் கடலைப் பார்த்தபடி இருக்கும் பெரிய சதுக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், ஜாய்ஸ் சிலையின் தோளில் கைபோடுவார்கள், காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் போனது ஊருக்குப் பின்னால் இருக்கும் ஒரு குன்றுக்கு. சான் ஜொவானி என்று பெயர். முன்பு அது மனநோயாளிகளை அடைத்துவைத்த இடம்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். தொண்டு நிறுவனங்களுக்கும் சுயஉதவிக் குழுக்களுக்கும் அறிக்கை எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் பிழைப்பு. ‘அனைவரும் கூடி முடிவெடுத்தோம்’ என்ற வாக்கியத்தை நானே எத்தனையோ அறிக்கைகளில் எழுதியிருக்கிறேன். கூடி முடிவெடுப்பதைப் பார்த்தது குறைவு. அப்படி எடுத்தால் அந்த நிறுவனம் நன்றாக நடக்குமா, இல்லை பேசிப் பேசியே படுத்துவிடுமா என்பதை, ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த ஓரிடத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை.

குன்றின் வாசலில் காவலாளி இல்லை, கட்டணமும் இல்லை. வளைந்து ஏறும் சாலையின் இருபுறமும் மஞ்சள் நிறக் கட்டடங்கள், பெரிய மரங்கள், ஒரு தேவாலயம். ஒரு கட்டடத்தில் பல்கலைக்கழகத் துறை, அடுத்ததில் சுகாதார அலுவலகம், அதற்கடுத்து ஒரு பண்பலை வானொலி நிலையம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிறார்கள். யாரோ நாயை நடத்திக் கூட்டிப்போகிறார்கள். சுவர் ஒன்றில் ‘சுதந்திரமே மருந்து’ என்ற பொருளில் பெரிய நீல எழுத்துகள். அதைப் பார்த்த பிறகுதான் இது என்ன இடம் என்பது உறைக்கிறது.

லொதோவிகோ பிராய்தோத்தி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து, பேரரசின் காலத்தில் 1908-இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனை இது. அந்தக் காலத்துக்கு நவீனமான ஏற்பாடு: ஒரே பெரிய சிறை மாதிரி இல்லாமல், நோயாளிகளைத் தரம் பிரித்துத் தனித்தனிக் கட்டடங்களில் வைத்தார்கள். அடைத்தது என்னவோ அடைத்ததுதான். டிரியெஸ்ட் இத்தாலியோடு சேர்ந்த பிறகு 1904-ஆம் ஆண்டின் இத்தாலியச் சட்டம் இங்கும் வந்தது. தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் அல்லது பொது இடத்தில் அவமானம் விளைவிப்பவர் என்று சொல்லி ஒருவரை உள்ளே தள்ளலாம். தள்ளப்பட்டவரின் பெயர் குற்றவாளிகளின் பதிவேட்டில் ஏறும். 1968 வரை இதுதான் நிலைமை.

1971-இல் ஃப்ராங்கோ பசாலியா இங்கே இயக்குநராக வந்தபோது உள்ளே ஏறக்குறைய 1,200 பேர். பசாலியா வெனிஸ்காரர். மாணவனாக இருந்தபோது பாசிச எதிர்ப்புக்காகச் சிறையில் கிடந்தவர். 1961-இல் பக்கத்து ஊரான கொரிட்சியாவின் மனநல மருத்துவமனைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது அதே சிறைவாடை அடித்தது என்று சொல்லியிருக்கிறார். இரவு யார் யாரைக் கட்டிலில் கட்டிப்போட்டார்கள் என்ற பதிவேட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார்களாம். “நான் போடமாட்டேன்” என்றாராம், தன் ஊர்ப் பேச்சுமொழியில். இந்தக் கதையை எனக்குச் சொல்லாத ஆளே டிரியெஸ்டில் இல்லை. ஒவ்வொருவரும் சொல்லும்போது அவர் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தது.

கொரிட்சியாவில் அவர் தொடங்கிய ஒரு வழக்கம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். தினமும் காலையில் பொதுக்கூட்டம். நோயாளி, நர்ஸ், டாக்டர் எல்லோரும் ஒரே அறையில். தலைமை தாங்குவதும் நோயாளிதான். சிலர் கத்துவார்கள், சிலர் எழுந்து போய்விடுவார்கள், சிலர் கூட்டம் முடியும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் சாப்பாடு, சிகரெட், வெளியே போக அனுமதி இவற்றைப் பற்றித்தான் பேச்சு. பார்க்க வந்த பத்திரிகைக்காரர்கள் சிலருக்கு இது கேலிக்கூத்தாகத் தெரிந்தது. பத்து வருடம் வாய் திறக்காதவர் ஒரு நாள் சாப்பாட்டைக் குறை சொன்னால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, அந்த வார்டில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

டிரியெஸ்டில் அவர் ஒரு படி மேலே போனார். சான் ஜொவானியில் நோயாளிகள் ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். வார்டு கூட்டுவது, சமையலறையில் பாத்திரம் தேய்ப்பது, துணி வெளுப்பது, தோட்டம் கொத்துவது. இதற்கு ‘வேலை வைத்தியம்’ என்று பெயர். கூலி சிகரெட், அல்லது சில்லறை. அதாவது ஒரு பெரிய மருத்துவமனையின் அன்றாடப் பணியில் பெரும்பங்கு இலவசமாக நடந்தது, அதற்குச் சிகிச்சை என்று கணக்கும் எழுதப்பட்டது! 1972-இல் ஏறக்குறைய அறுபது பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பெயர் ‘ஒன்றுபட்ட தொழிலாளர்கள்’. அதே வார்டு, அதே துடைப்பம். ஆனால் இப்போது மருத்துவமனை நிர்வாகம் சங்கத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும், தொழிற்சங்கக் கணக்குப்படி கூலி தர வேண்டும். சங்கத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு.

சட்டம் சும்மா விடவில்லை. குடியுரிமைகளே முடக்கப்பட்டவர்கள் எப்படி ஒரு சங்கத்தின் உறுப்பினராக முடியும் என்று ஆட்சேபம் வந்தது. கையெழுத்துப் போடத் தகுதியில்லாதவர் என்று அரசு சொன்ன மனிதர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன செய்வது? அந்த முடிச்சை அவிழ்க்க நாளானது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது, பசாலியாவின் பெயரைச் சேர்த்துக்கொண்டு.

நமக்குக் கூட்டுறவுச் சங்கம் என்றால் நகைக்கடனும் ரேஷன் கடையும்தான் ஞாபகத்துக்கு வரும், தேர்தல் தள்ளிவைப்பும். அந்த நினைப்பைக் கொஞ்சம் கழற்றி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

சங்கம் தொடங்கிய அடுத்த வருடம் நீலக் குதிரை வந்தது. மருத்துவமனையின் சலவை வண்டியை இழுத்த மார்க்கோ என்ற கிழட்டுக் குதிரையைக் கசாப்புக்கு அனுப்பவிருந்தார்கள். அதைக் காப்பாற்றச் சொல்லி நோயாளிகள் மனுப்போட்டு ஜெயித்திருந்தார்கள். 1973-இல் ஓவியர்களும் நாடகக்காரர்களும் நோயாளிகளோடு சேர்ந்து அந்தக் குதிரையை மரத்திலும் காகிதக் கூழிலும் ராட்சச உயரத்துக்குச் செய்தார்கள். நிறம் நீலம். வயிற்றுக்குள் ஆளாளுக்குத் தங்கள் ஆசையை வைத்தார்கள். ஊர்வலம் புறப்படும் நேரத்தில் பார்த்தால் குதிரை வாசலில் நுழையவில்லை! வாசலை உடைத்துத்தான் வெளியே போனது. பிறகு 1978 மே 13-இல் 180-ஆம் எண் சட்டம் வந்து, நாடெங்கும் மனநோய் மருத்துவமனைகளை மூட வழிவகுத்தது. 1980-இல் பசாலியா இறந்தார். அப்போது அவருக்கு வயது 56.

இவ்வளவும் புத்தகங்களில் இருக்கிறது. நான் பார்க்க வந்தது அதற்கப்புறம் நடந்ததை.

பூங்காவின் நடுவே ‘இல் போஸ்தோ தெல்லே ஃப்ராகொலே’ என்று ஓர் உணவகம். ஸ்ட்ராபெரி விளையும் இடம் என்று அர்த்தம். இங்மர் பெர்க்மன் படம் ஒன்றின் இத்தாலியப் பெயரும் அதுவே. இதையும் ஒரு கூட்டுறவுதான் நடத்துகிறது. மதியம் போய் உட்கார்ந்தேன். உள்ளே பேராசிரியர்கள், அலுவலகக்காரர்கள், பாட்டிமார்கள். பரிமாறுகிறவர்களில் யார் மருத்துவமனைக்குப் போய்வந்தவர், யார் போகாதவர் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. கடைசியில், ரொம்பப் பதற்றமாக இருந்த ஒருவரைச் சந்தேகப்பட்டேன். அவர் பகுதிநேரமாக வந்த கல்லூரி மாணவர். சாப்பாடு சாதாரணமாக நன்றாக இருந்தது. பரிதாபப்பட்டுச் சாப்பிட வேண்டிய அவசியமே இல்லாத சாப்பாடு. இது சின்னப் பாராட்டு இல்லை.

தோட்டவேலையும் துப்புரவுப் பணியும் எடுத்துச் செய்யும் ஒரு சங்கத்தின் வாராந்திரக் கூட்டத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. பெயர் எழுத வேண்டாம் என்றார்கள். கூட்டம் எனக்காக நடக்கவில்லை, அதனால் அதை விளம்பரமாக்க வேண்டாம் என்பது காரணம். எனக்கு மொழிபெயர்க்க ஒரு மாணவி பக்கத்தில் இருந்தார். பழைய வார்டு ஒன்றின் நீண்ட அறை, வெந்நீர்க் குழாய் ஓடும் சுவர், இருபது பேர் இருக்கலாம். ஒருவர் கூட்டம் முழுவதும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் புகைத்துக்கொண்டிருந்தார். ஆனால் ஓட்டு எடுக்கும்போது மட்டும் சரியாகக் கை உயர்ந்தது.

முதலில் கையுறை. ரோஜாக்களுக்குக் கிளை வெட்டும் பருவம் அது. குன்றின் சரிவில் ஏறக்குறைய 5,000 வகை ரோஜா இருக்கிறது, நோயாளிகள் அடைபட்டிருந்த கட்டடங்களைச் சுற்றியே. புதிதாக வாங்கிய கையுறை முள்ளுக்குத் தாங்கவில்லை என்று ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார், நிறுத்தவே இல்லை. போன வாரமும் இதைத்தான் பேசினார் என்று மாணவி காதோடு சொன்னார். யாரும் அவரை உட்கார வைக்கவில்லை. கையுறை விவகாரம் அன்றும் முடியவில்லை.

அப்புறம் வந்தது நிஜமான வேலை. ஒரு பள்ளிக்கூடத்தின் துப்புரவு காண்ட்ராக்ட் கிடைக்கும்போலிருக்கிறது. பிள்ளைகள் வருவதற்கு முன்னால் முடிக்க வேண்டும், ஆகவே காலை ஐந்து மணிக்கு ஆரம்பம். சங்கத்தின் ஒருங்கிணைப்பாளர் ஷிப்ட் பட்டியலைப் பலகையில் எழுதினார். நேர்த்தியான பட்டியல். பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் கையைத் தூக்கி, “நான் ராத்திரி மாத்திரை போடுகிறவள். ஐந்து மணிக்கு எழுந்தால் நடப்பேன், ஆனால் வாளியில் காலை விடுவேன்” என்றார். சிரிப்பு. இன்னொருவர் “நானும்” என்றார். இன்னும் இரண்டு பேர். பட்டியலில் பாதிப் பேர் விழுந்துவிட்டார்கள்.

வேறு இடமாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் ‘சரி சார்’ என்பார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். சூப்பர்வைசர் சம்பளத்தைப் பிடிப்பார். மூன்றாம் மாதம் காண்ட்ராக்ட் போய்விடும். பிறகு அறிக்கையில் ‘பயனாளிகளிடம் பணி ஒழுக்கம் குறைவு’ என்று யாராவது எழுதுவார்கள்.

இங்கே முக்கால் மணி நேரம் பேசினார்கள். ராத்திரித் தூக்கமே இல்லாமல் விடியலுக்குக் காத்திருக்கும் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஐந்து மணி வரப்பிரசாதம். வகுப்பறைகளை அவர்களும், மாத்திரை சாப்பிடாத இன்னும் இருவரும் எடுத்துக்கொள்வது. ஜன்னல், முற்றம், கழிப்பறை இரண்டாம் சுற்று இவையெல்லாம் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போதே ஒன்பது மணிக்கு மேல் செய்யலாமே, பள்ளியிடம் கேட்டால் என்ன என்றது ஜன்னலோரப் புகைக்காரர். அவர் பேசிய ஒரே தடவை அது. ஒருங்கிணைப்பாளர் தன் பட்டியலை அழித்தார். இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுப்பதாகப் பள்ளிக்கு எழுதுவது என்று முடிவானது.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். “இவ்வளவு நேரம் பேசுவது கட்டுப்படியாகிறதா? உங்கள் போட்டிக் கம்பெனி இந்த முக்கால் மணியில் ஒரு மாடியைத் துடைத்து முடித்திருக்குமே.”

“துடைத்திருக்கும்” என்றார். “ஆனால் அவர்களுக்கு ஆள் நிற்காது. மாதம் ஒரு புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுப்பார்கள். எங்களிடம் பதினைந்து வருடமாக இருப்பவர்கள் இருக்கிறார்கள். யார் எந்த நாளில் தடுமாறுவார் என்பது பக்கத்தில் வேலை செய்பவருக்குத் தெரியும். எனக்குத் தெரிய வருவது கூட்டத்தில்தான். கூட்டம் இல்லையென்றால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு காண்ட்ராக்ட் எடுப்பதாக அர்த்தம்.”

நான் பல வருடம் தேடியது இந்தப் பதில். கலந்து பேசுவது தொழிலாளிக்குச் செய்யும் மரியாதை என்றுதான் நம்மில் நல்லவர்கள்கூட நினைக்கிறார்கள். மரியாதைதான், சந்தேகமில்லை. ஆனால் அதைவிட முக்கியமாக, மேலே இருப்பவருக்கு வேறு எந்த வழியிலும் வராத தகவல் அதில் வருகிறது. மாத்திரையைப் பற்றி அந்தப் பெண் வாய்திறந்தது, திறந்தால் வேலை போகாது என்று தெரிந்ததால். அவரும் ஒரு பங்காளி. பயந்தவர் உண்மையைச் சொல்வதில்லை. உண்மை தெரியாத நிர்வாகம் திட்டம் மட்டும் அழகாகப் போடும்.

குடைக்கு வருவோம். அதே பூங்காவில் லிஸ்தெர் என்ற தையல் கூடம் இருக்கிறது. போரா முறித்துப்போட்ட குடைகளின் துணியையும் விளம்பரப் பதாகைகளையும் வெட்டிப் பைகளும் சட்டைகளும் தைக்கிறார்கள். தண்ணீர் புகாத துணி, காசு கொடுக்காமல் காற்றே கொண்டுவந்து போடுகிற துணி. ஊருக்கே உரிய குப்பையிலிருந்து ஊருக்கே உரிய சரக்கு! பதினொரு நிறக் குடைத்துணியில் தைத்த ஒரு பையை என் மகளுக்கு வாங்கினேன், விலை குறைவில்லை.

இத்தாலி இந்த மாதிரிச் சங்கங்களுக்குத் தனிச் சட்டமே வைத்திருக்கிறது: 1991-ஆம் ஆண்டின் 381-ஆம் எண் சட்டம். இரண்டு வகை. முதல் வகை முதியோர் பராமரிப்பு, குழந்தைக் காப்பகம் மாதிரிச் சேவை தருவது. இரண்டாம் வகை எந்தத் தொழிலும் செய்யலாம், ஆனால் வேலை செய்பவர்களில் குறைந்தது 30 சதவீதம் மனநோய்க்கு ஆளானவர், ஊனமுற்றவர், போதையிலிருந்து மீள்பவர், சிறையிலிருந்து வெளியே வேலைக்கு வருபவர் போன்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கான சமூகக் காப்பீட்டுத் தொகையைச் சங்கம் கட்ட வேண்டியதில்லை. சிறிய காண்ட்ராக்டுகளை நகராட்சிகள் வழக்கமான பொதுப் போட்டி வைக்காமல் தரலாம். இன்னொரு சட்டப்படி எல்லாக் கூட்டுறவுகளும் லாபத்தில் 3 சதவீதத்தைப் புதிய கூட்டுறவுகளை வளர்க்கும் நிதிக்குக் கொடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் நாடெங்கும் இப்படி 11,264 சமூகக் கூட்டுறவுகள் இருந்தன.

சலுகை கொடுத்தால் யார்தான் நடத்தமாட்டார்கள் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் காப்பீட்டுச் சலுகை அந்த 30 சதவீதத்தினருக்கு மட்டும். மீதிப் பேருக்கு முழுச் செலவு. பள்ளிக்கூடத் தரையில் தூசி இருந்தால் தலைமையாசிரியர் 381-ஆம் எண் சட்டத்தை நினைத்து மன்னிக்கப்போவதில்லை.

சமூகக் கூட்டுறவுகளில் வேலை செய்பவர்களை டிரெண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோ பொர்சாகாவும் சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். ஒரு கட்டத்தில் 4,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கேட்டார்கள். அரசு வேலையைவிடச் சம்பளம் குறைவு. ஆனாலும் மனநிறைவு அதிகம், விட்டுப் போக நினைப்பவர்கள் குறைவு. எது அவர்களைப் பிடித்து வைக்கிறது என்று துருவினால், பணத்தொகையைவிட, முடிவெடுக்கும் முறை நியாயமாக இருக்கிறதா, தன்னிடம் காரணம் சொல்கிறார்களா, தன் பேச்சு கேட்கப்படுகிறதா என்பவைதான் அழுத்தமாக வந்து நின்றன. நல்ல ஆய்வு. ஆனால் இதை முதலாளிகள் படித்தால் என்ன ஆகும் என்ற கவலை எனக்கு உண்டு. ‘பேசவிட்டால் போதும், சம்பளம் ஏற்ற வேண்டாம்’ என்று புரிந்துகொள்ள நம்மூரில் ஆள் தயாராக இருக்கிறது. அந்த ஒருங்கிணைப்பாளரே சொன்னார், தன்னோடு சேர்ந்த இளைஞர்களில் பாதிப் பேர் அரசு மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டார்கள் என்று. வாடகையைக் கூட்டத்தில் ஓட்டுப்போட்டுக் குறைக்க முடியாது.

டிரியெஸ்டிலிருந்து மேற்கே போகிற வழியில் பொர்தெனோனே வரும். அங்கே 1981-இல் தொடங்கிய நொன்செல்லோ கூட்டுறவின் கதைதான், 2008-இல் வந்து இத்தாலியை அழவும் சிரிக்கவும் வைத்த ‘சி புவோ ஃபாரே’ படத்துக்கு ஒரு மூலம். வெளியே விடப்பட்ட நோயாளிகள் கூட்டம் போட்டு, மரத்தரை பதிக்கும் தொழிலுக்கு ஓட்டுப் போடுவார்கள். கிடைத்தால் பாருங்கள்.

இன்னும் மேற்கே பிரேஷா. அங்கே இந்த இயக்கத்துக்கு வேறொரு வேர்: சர்ச். ஜுசெப்பே ஃபிலிப்பினி என்பவர் 1963-இலேயே ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஒரு கூட்டுறவு தொடங்கியிருந்தார். டிரியெஸ்டின் இடதுசாரிகளும் பிரேஷாவின் கத்தோலிக்கர்களும் ஒருவரையொருவர் அவ்வளவாக விரும்பியதில்லை. போய்ச் சேர்ந்தது ஒரே இடத்துக்கு. பிரேஷாக்காரர்கள் கண்டுபிடித்த சூட்சுமத்துக்கு ‘ஸ்ட்ராபெரி வயல்’ என்று பெயர். ஒரு சங்கம் வளர்ந்து, உறுப்பினர்கள் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அளவு பெருத்துவிட்டால், அதை மேலும் பெருக்கக் கூடாது. ஸ்ட்ராபெரிச் செடி கொடி விட்டுப் பக்கத்தில் வேர் பிடிப்பதுபோல், அதிலிருந்து ஒரு புதுச் சங்கம் பிரிந்து நிற்க வேண்டும். கணக்கு எழுதுவது, பயிற்சி, பெரிய காண்ட்ராக்டுக்கு மனுப்போடுவது மாதிரிச் சின்னச் சங்கத்தால் முடியாதவற்றை எல்லாச் சங்கங்களும் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும். 1983-இல் பிரேஷாவில் அப்படி ஒரு கூட்டமைப்பு வந்தது, 1987-இல் நாடு தழுவியது ஒன்று.

வளர்ச்சி என்றால் பெரிதாவது என்று பழகிப்போன நம் மூளைக்கு இது எளிதில் ஏறாது. சான் ஜொவானியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு உடனே புரிந்தது. இருபது பேர் இருந்ததால்தான் பச்சை ஸ்வெட்டர்ப் பெண் கை தூக்கினார். இருநூறு பேர் இருந்தால் ஒலிபெருக்கி வேண்டும், நிகழ்ச்சி நிரல் வேண்டும், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் நான்கு பேர் பேசுவார்கள். இரண்டாயிரம் என்றால் கூட்டம் வெறும் சடங்கு.

ரோமில் அதுதான் நடந்தது. சிறையிலிருந்து வெளிவந்தவர்கள் 1980-களில் தொடங்கிய ஒரு சமூகக் கூட்டுறவு, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கும் அளவு வளர்ந்தது. நாடே அதைக் காட்டிப் பெருமைப்பட்டது. 2014-இல் காண்ட்ராக்டுக்காக லஞ்சம் கொடுத்த வழக்கில் அதன் தலைவர் கைதானார், தண்டனையும் பெற்றார். அகதிகள் முகாம் நடத்துவதில் போதை வியாபாரத்தைவிட லாபம் அதிகம் என்று அவர் தொலைபேசியில் பேசியது பதிவாகியிருந்தது. சட்டப்படி அங்கும் ஆளுக்கு ஒரு ஓட்டுத்தான். ஓட்டு இருந்தது, கேள்வி கேட்க ஆளில்லை. ஒரு மனிதருக்கு நன்றிக்கடன்பட்ட ஆயிரம் பேர் கூடினால் பொதுக்குழு ஆகாது.

ரோமைச் சொன்னால் டிரியெஸ்டில் முகம் சுருங்குகிறது. அவர்களுடைய இன்றைய பயம் வேறு: டெண்டர். யார் குறைந்த விலை சொல்கிறார்களோ அவர்களுக்கே காண்ட்ராக்ட் என்று போகும்போது, முதலில் வெட்டுப்படுவது கூட்டத்துக்கான நேரம். வாரம் ஒரு முறை இருந்தது மாதம் ஒரு முறை ஆகும், பிறகு வாட்ஸப்பில் ஷிப்ட் வரும். கணக்குப் புத்தகத்தில் அந்த மாதம் லாபம் தெரியும். வாளியில் கால் விடுவது அடுத்த மாதம்தான் தெரியும்.

பழைய கட்டடங்களுக்கு நடுவே நடந்து இறங்கியபோது ஏர்வாடி நினைவுக்கு வராமல் இல்லை. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில், அங்கே சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்குப் பிறகு நம்மிடம் விதிகள் வந்தன, 2017-இல் புதிய மனநலச் சட்டம் வந்தது, நல்ல இல்லங்களும் சில வந்தன. வேலை கொடுக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன: மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, காகிதப் பை. அவற்றில் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். சுத்தமான இடங்கள், அன்பான நிர்வாகிகள். ஆனால் நான் பார்த்தவற்றில், மெழுகுவர்த்தியைத்தான் செய்ய வேண்டுமா என்று அங்கே வேலை செய்பவர்களைக் கேட்ட இடம் ஒன்றும் இல்லை. யாரும் வாங்காத மெழுகுவர்த்தி அலமாரி நிறைய அடுக்கியிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று இப்போது நினைக்கிறேன்.

டிரியெஸ்ட் ரோஜாத் தோட்டம் மே மாதத்தில் பூக்கும். நம்மூரில் சமூகத் தொழில் நடத்துகிற நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு வருடம் ஆண்டறிக்கையை வழவழத்தாளில் அச்சடிக்காமல் விடுங்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு பேரை மே மாதம் அந்தக் குன்றுக்கு அனுப்புங்கள். நீங்கள் போக வேண்டாம், உங்கள் திட்ட மேலாளரும் வேண்டாம். உங்கள் கூடத்தில் மெழுகு காய்ச்சுகிறவரையும் தரை துடைக்கிறவரையும் அனுப்புங்கள். திரும்பி வந்து அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு முழு நாள் ஒதுக்கி வையுங்கள்.